நஞ்சும் கதிரும்: மருத்துவமனை வாயிலிற் செய்யத்தக்கன

சென்னை மாநகரத்தார்க்கு உண்ணீர் உதவும் ஏரிகளுள் செம்பரம்பாக்கத்து ஏரி பெரியதொன்று என்பது யாவரும் அறிந்ததே. பூந்தமல்லியினின்று பெங்களூர்ப் பெருவழியே மேற்கு நோக்கிச் செல்வார்க்கு அஃது இடப்புறத்தே கிடக்கின்றது. நிரம்பிய காலத்து 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. அதற்கு மேற்கிலும் தென்மேற்கிலும், ஒரு தலைமுறைக்கு முன் வயலும் கரம்பும் தோப்புமாய் இருந்த நிலங்கள் பல, இன்று இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்னும் பெயர்களாற் கைத்தொழிற் பேட்டைகளாய் விளங்குகின்றன. மோட்டார் வண்டியும், அதற்கு வேண்டும் டயரும், கைப்பேசியும், கண்ணாடியும், வண்ணமும் ஆங்கு உண்டாகி உலகெங்கும் செல்கின்றன.

இப் பொருள்களை உண்டாக்குதற்கு வேறு பல பொருள்கள் வேண்டும். வாங்குவோர் அவற்றைக் காண்பதில்லை. இத்தகைய தொழில்கள் நடக்குமிடமெங்கும் வண்ணம் கரைக்கும் எண்ணெய்களும், அமிலங்களும், காரங்களும், முலாம் பூசும் தொட்டிகளிற் சயனைடு உப்பும், குளிரறைகளில் அமோனியாவும், நீரைத் தூய்மை செய்யுமிடத்துக் குளோரினும் வழங்குகின்றன. இரும்பு வார்ப்பினுள்ளும் பற்றவைத்த இணைப்பினுள்ளும் ஓட்டை உண்டோ என ஊடுருவிக் காண்பதற்கு இரிடியம்-192 என்னும் கதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதும் உண்டு. இவற்றாற் பல்லாயிரங் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆதலின் இவை வேண்டா என்று வாதிடுதல் என் கருத்தன்று. ஆயின், ஒரு நள்ளிரவில் ஒரு குழாய் பிளந்து, சிறிது நேரத்துள் நூறுபேர் இருமியவண்ணமும் கண்ணைக் கசக்கியவண்ணமும் அண்மையிலுள்ள ஆஸ்பத்திரி வாயிலில் வந்து நிற்பராயின், அவரை முதற்கண் எதிர்கொள்வார் யாவர்? பெயர்பெற்ற மருத்துவர் அல்லர். வாயிற்காவலரும், தள்ளுபடுக்கை கொணரும் ஏவலரும், இரவுமுறைத் தாதியரும், 108 வண்டியின் உதவியாளருமே. அந்நேரத்துச் செய்யத்தக்கது இன்னது என்று அவர்க்குக் கற்பித்தல் யாங்ஙனம் என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருளாகும்.

இது வெறுங் கற்பனையன்று. 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ம் நாள் நள்ளிரவை ஒட்டி, சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கப்பலினின்று கரையிலுள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத்தொழிற்சாலைக்கு அமோனியாக் கொணரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்தோர் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினர். ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து கூறிற்று. ஒருநாட் சராசரிக்கு விதித்த எல்லை 400. அவ்விரவில் உயிர்ச்சேதம் நேர்ந்திலது. எனினும் ஒன்று கருதற்பாலது: மக்கள் ஆம்புலன்ஸ் வண்டிக்குக் காத்திருந்திலர். நச்சுக்காற்றுப் பட்ட ஆடையுடனே தாமே ஓடினர். எங்கும் இவ்வாறே நிகழ்கின்றது. எனவே, விபத்து நடந்தவிடத்தே மீட்புப்படையார் யாவரையும் கழுவித் தூய்மை செய்து மருத்துவமனைக்கு அனுப்புவர் என்று நம்பி இருத்தல் பிழையாகும். அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் அணியார் இரசாயன, கதிரியக்க விபத்துகளுக்கெனச் சிறப்பாகப் பயின்றவரே. ஆயினும் அவர் அரக்கோணத்தினின்று வந்து சேர்வதற்குள் நோயாளர் நம் வாயிலை அடைந்துவிடுவர்.

1984-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் நாள் இரவு போபால் நகரில் நிகழ்ந்ததை இந்நாட்டார் மறந்திலர். யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியொன்றினின்று ஏறக்குறைய 40 டன் மெதில் ஐசோசயனேட்டு வெளிப்பட்டது. அந்நகரத்து ஹமீதியா மருத்துவமனையில் விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். வந்தது இன்ன நஞ்சு என்று அங்கிருந்த மருத்துவர்க்குத் தெரியவில்லை. ஆலையின் பக்கத்தினின்று கேட்டறிந்ததோ, அது கண்ணெரிச்சல் தருவது, நீராற் கழுவுக என்பதேயாம். பிணங்களை அறுத்து ஆராய்ந்த ஹீரேஷ் சந்திரா என்னும் பேராசிரியர், குருதியின் செந்நிறங்கண்டு சயனைடின் தொடர்பு இருக்கலாமென ஐயுற்று, சோடியம் தையோசல்பேட்டு என்னும் மருந்தைக் கொடுக்கலாம் என்றார். கொடுக்கலாமா கூடாதா என்னும் வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. மத்தியப் பிரதேச அரசினர் உறுதிசெய்த மரணம் 3,787.

இவ் வழக்கினின்று நம்மனோர் பலர் கொள்ளும் பாடம் மாற்றுமருந்தைப் பற்றியது. யான் கொள்வது வேறு. அவ்விரவில் காற்று வீசிய திசையிலேயே ஓடியவர் நச்சுமேகத்துடனேயே ஓடினர். ஓடுதலால் மூச்சு மிகுந்தது. மூச்சு மிகுதலால் நஞ்சு மிகுந்தது. ஈரத்துணியை மூக்கில் வைத்துக் காற்றுக்குக் குறுக்கே விலகிச் செல்க என்னும் ஒரு சொல்லை ஊரார்க்கு முன்னரே சொல்லியிருப்பின், அதற்கு ஒரு காசும் செலவாகியிராது. எளிய செயலை உரிய முறையில் உரிய நேரத்திற் செய்தலே இத் துறையின் உயிர்நிலை. அரிய மருந்து அதற்குப் பிற்பட்டதே.

இனி, நல்ல மருத்துவமனை ஒன்று தடுமாறிய வரலாற்றைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரில் புனித லூக்கா மருத்துவமனை என்று ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருடால்ஃப் டாய்ஸ்லர் என்னும் அமெரிக்க மிஷனரி மருத்துவர் நிறுவியது அது. அதன் தலைவராயிருந்த ஹினோஹாரா ஷிகேயாகி என்பார், இரண்டாம் உலகப்போரில் வானூர்திக் குண்டுவீச்சின்போது இடமின்றி மக்கள் பட்ட பாட்டை நேரிற் கண்டவர். ஆதலின் பின்னாளிற் புதுக்கட்டடம் எழுப்பியபோது, இடைகழிகளை அகலமாக்கி, அவற்றின் சுவர்களிலும் சிற்றாலயத்திலுங்கூட ஆக்ஸிஜன் குழாய் பதிப்பித்தார். இத்துணை வீண்செலவு எதற்கு என்று அன்று பலர் எள்ளினராம்.

1995-ம் ஆண்டு மார்ச்சு 20-ம் நாட் காலையில், ஒரு கொடிய கூட்டத்தார் டோக்கியோ நிலத்தடி இரயில் வண்டிகளிற் சாரின் என்னும் நரம்புநஞ்சைக் கசிய விட்டனர். அன்று ஒரே நாளில் புனித லூக்கா மருத்துவமனைக்கு 640 பேர் வந்தனர். நடந்து வந்தோரும் வாடகை வண்டியில் வந்தோரும் பலர். ஹினோஹாரா அன்றைய புறநோயாளர் பணிகளை நிறுத்தி, வந்தோர் அனைவரையும் ஏற்குமாறு பணித்தார். எள்ளப்பட்ட இடைகழிகளும் சிற்றாலயமும் அன்று நோயாளர் கூடங்களாயின.

ஈண்டுத்தான் நாம் ஊன்றி நோக்கவேண்டியது உளது. வந்தவர் ஆடையிற் சாரின் ஊறியிருந்தது. ஆடையைக் களைந்து கழுவிய பின்னரே உள்ளே விடுதல் வேண்டும் என்பதை எவரும் பயின்றிலர். நஞ்சு இன்னதென்று காவற்றுறையார் அறிவித்ததே ஏறக்குறைய மூன்று மணிநேரங் கழித்துத்தான். பின்னர் வினவியபோது விடையளித்த பணியாளர் 472 பேரில் 110 பேர், தமக்கும் கண்மங்கலும் தலைவலியும் பிறவும் தோன்றின என்றனர். காற்றோட்டம் குறைந்த சிற்றாலயத்தில் நின்று பணிசெய்தோர்க்கே இத்துன்பம் மிகுதியாயிருந்தது. அந்நகரத்து ஆம்புலன்ஸ் பணியாளர் 1,364 பேருள்ளும் 135 பேர் நஞ்சின் குறி கொண்டனர். அன்பும் ஆற்றலும் பொருளும் குறைவில்லாத ஒரு மருத்துவமனைக்கு நேர்ந்த இடர் இது. குறைவு ஒன்றே: வாயிலில் முதலிற் செய்வது எது, பிறகு செய்வது எது என்னும் வரிசை.

வேறொரு செய்தியும் இவ் வரலாற்றில் உளது. முந்திய ஆண்டு மட்ஸுமோட்டோ என்னும் ஊரில் அதே கூட்டத்தார் அதே நஞ்சைப் பரப்பியிருந்தனர். அப்போது நோயாளரைக் கண்ட ஷின்ஷூ பல்கலைக்கழகத்து மருத்துவர் யானகிஸாவா நொபுவோ, தொலைக்காட்சியிற் செய்தி பார்த்த அளவிலே, இது சாரினாக இருக்கலாமென்று டோக்கியோவுக்குத் தொலைபேசியில் உரைத்தார். முன்னொருமுறை கண்ட ஒருவருடைய கண் எத்துணை விலையுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டுத் தாதியர்க்கு இவ்வகையில் ஒரு முன்கல்வி உண்டு. அதை எவரும் கல்வியாக எண்ணுவதில்லை என்பது என் குறை. சாரினும் வயல்களிற் பூச்சிக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தும் ஒரே இனத்தன. கண்மணி கடுகளவாய்ச் சுருங்குதல், வாயில் நுரை தள்ளுதல், வியர்வை பெருகுதல், தசை துடித்தல் என்னும் குறிகளும் ஒன்றே. அட்ரோபின், பிராலிடாக்ஸிம் என்னும் மருந்துகளும் ஒன்றே. பூச்சிமருந்தை உண்டு துன்பத்தால் உயிர்விடத் துணிந்தாரைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தாதியர் இரவும் பகலும் கண்டு வருகின்றனர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இந் நஞ்சைப் பற்றி ஆராய்ந்து வெளியிட்டவை உலகத்து மருத்துவர் பலரும் எடுத்தாள்வன. டோக்கியோ மருத்துவர் நூலில் மட்டுமே படித்திருந்த குறிகளை நம் சிற்றூர்த் தாதியர் கண்ணாற் கண்டறிந்தவர். ஆகலின் அவர்க்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டுவது நோய்க்குறியன்று. ஒருவர்க்குச் செய்வதை நூற்றுவர்க்கு ஒருங்கே செய்யும் முறையும், தம்மைக் காத்துக்கொள்ளும் முறையுமேயாம்.

அம்முறையைச் சுருங்கக் கூறுவேன். வாயிற்கு வெளியே, காற்று வரும் பக்கத்திற் பணியாளர் நிற்றல் வேண்டும். கையுறையும் மேலங்கியும் முகமூடியும் அணியாது ஒருவரும் தொடலாகாது. அறுவைக்கூடத்து மெல்லிய முகத்துணி ஆவியைத் தடுக்காது என்பதை ஒவ்வொருவர்க்கும் சொல்லவேண்டும். அஃது அணிந்தமையாற் காப்புண்டு என்று எண்ணுவது ஒன்றுமணியாமையினும் தீது. வந்தவர் ஆடையைக் களைவித்தல் முதற்பணி. அது மட்டுமே ஒட்டிய நஞ்சிற் பெரும்பகுதியைப் போக்கிவிடும். ஆடையைத் தலைவழியே இழுக்காமற் கத்தரித்து நீக்குக, இழுப்பின் முகத்திற்படும். பொடியாயின் முதலில் துடைத்துவிட்டுப் பின்பு நீர் வார்க்க. நீர் நிறைய வேண்டும். கண்ணுக்குக் குறைந்தது கால்மணி நேரம். மூச்சடைத்தார்க்கு மட்டும் கழுவும்போதே காற்றுத் தருக. மற்றை மருத்துவமெல்லாம் கழுவிய பின்னரே. முலாம் பூசுமிடத்துச் சயனைடுக்கும், கண்ணாடியையும் மாழையையும் அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்துக்கும் தனித்தனி மாற்று உண்டு. பின்னதற்குக் கால்சியம் குளூக்கோனேட்டுக் களிம்பு சிறந்தது. அவ்வமிலம் சுட்ட இடம் முதலிற் சிறிதே சிவந்து தோன்றும். நோவோ சில மணி கழித்து எலும்பளவு இறங்கும். சிறுகாயம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் மறுநாள் உயிரையே இழத்தல் கூடும். தொழிற்பேட்டையை அடுத்த மருத்துவமனை அக்களிம்பை வைத்திராவிடின் வேறு யார் வைத்திருப்பர்?

நச்சுக்காற்று என்றவுடன் பேராலையையே எண்ணுகின்றோம். இவ்வட்டாரத்தில் மக்களைக் கொன்ற நச்சுக்காற்று பெரிதும் கழிவுநீர்த் தொட்டியினின்று எழுவதாகும். 2021, 2022 ஆகிய ஈராண்டுகளிலும் திருப்பெரும்புதூரைச் சூழ்ந்த இடங்களில் கழிவுநீர்த் தொட்டியுள் இறங்கி மும்மூவராக மாண்ட செய்தியைப் பத்திரிகைகளிற் கண்டோம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழ, மூன்றாமவரும் அவ்வழியே செல்லுதல் இத்தகைய சாவுகளிற் பலகாலும் காணும் நிகழ்ச்சி. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் நாறும். மிகுந்தபோது மூக்கின் உணர்வையே கெடுத்துவிடும். நாற்றம் போயிற்று, இனி அச்சமில்லை என்று எண்ணுபவர் அந்நொடியிலேயே சாவின் வாயில் நிற்கின்றார். இத்தொழிலுக்கு மனிதரை இறக்குதலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் பிறந்தும் இறக்குவோர் ஒழிந்திலர் என்பது வேறு பெருங்குறை. 108 வண்டி உதவியாளர்க்குக் காற்றுக்கலம் இன்றித் தொட்டியுள் இறங்கலாகாது என்று பயிற்றுவித்தல், நரம்புநஞ்சு வரும் நாளுக்காக அன்று, நாளைக்கே வேண்டுவதாகும். இப்பயிற்சி என்றோ ஒருநாள் வரும் அரிய விபத்துக்காகச் செய்யும் வீண்செலவு என்று கூறுவார்க்கு விடை இதுவே.

இனிக் கதிர்ப்பொருளை நோக்குவோம். 2010-ம் ஆண்டு டில்லி மாநகர் மாயாபுரிப் பழம்பொருட் சந்தையில் நிகழ்ந்தது இந்தியாவில் யாவரும் கற்கவேண்டிய பாடம். டில்லிப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பகுதியில் 1970-ம் ஆண்டு வாங்கி, நெடுங்காலமாய்ப் பயன்படாது கிடந்த கதிர்க்கருவியொன்று அவ்வாண்டு பெப்ரவரியில் ஏலம் போயிற்று. அதனுள் கோபால்ட்டு-60 இருந்தது. பழம்பொருள் வணிகர் அதனை உடைத்தனர். பொடித்த துண்டுகள் கடை கடையாய்ப் பரவின. ஒருவர் ஒரு துண்டைப் பணப்பையிலும் வைத்திருந்தார். தோல் கறுத்து, மயிர் உதிர்ந்து, வயிற்றுப்போக்குடன் வந்த நோயாளரைக் கண்டு மருத்துவர் ஐயுற்ற பின்னரே உண்மை வெளியாயிற்று. எழுவர் மருத்துவமனையிற் சேர்ந்தனர். அவருள் ஒருவர் மாண்டனர். 1987-ல் பிரேஸில் நாட்டுக் கொயானியா நகரிலும், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியின் சீசியம்-137 நீலவொளி வீசுவதைக் கண்டு மயங்கி மக்கள் அதை வீட்டுக்குக் கொண்டுசென்றனர். முதலில் வந்த நோயாளரை வெப்பநாட்டுத் தொற்றுநோய் என்று கருதி அதற்குரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். பின்னர் 1,12,000 பேரைச் சோதிக்க, 249 பேர்மேல் அப்பொருள் படிந்திருக்கக் கண்டனர். நால்வர் மாண்டனர்.

பழைய இரும்பு வாங்குவோர் இல்லாத தொழிற்பேட்டை உண்டோ? ஆதலின் நம் ஊர் வெளிநோயாளர் கூடத்தில் இருப்போர்க்கு ஒரு வினாவைக் கற்பித்தல் வேண்டும்: நெருப்பும் அமிலமும் படாமலே கையிற் புண் கண்டவனை நோக்கி, 'உளக்கனமான, பளபளப்பான இரும்புத்துண்டு எதையேனும் எடுத்தாயா?' என்று கேட்கும் வினா அது. அக்கேள்வி ஒன்றே ஒரு தெருவைக் காக்கும்.

கதிர்ப்பொருள் விபத்தில் வாயிலில் கொள்ளும் வரிசை மாறுகின்றது என்பதே யான் வற்புறுத்த விழைவது. நச்சுப்புகையில், கழுவுதல் முன், மருத்துவம் பின். கதிர்ப்பொருளிலோ, உயிர் காத்தல் முன், கழுவுதல் பின். குருதி ஒழுக வந்தவனைக் கதிரளக்கும் கருவி வரும்வரை வெளியே கிடத்துதல் கொலையோடு ஒக்கும். நோயாளர்மேற் படிந்த தூளால் அவரைத் தொட்டு மருத்துவம் செய்வார்க்குக் கேடு விளைதல் மிக அரிது. கையுறையும் மேலங்கியும் முகமூடியும் அணிந்து, ஆடையைக் களைந்து பையிலிட்டுத் தொலைவில் வைப்பின் பத்தில் ஒன்பது பங்கு வரை தூள் நீங்கிவிடும். பின்பு பட்ட கதிரின் அளவை உணர்தற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. கதிர் பட்ட நேரத்தையும் முதல் வாந்தி எடுத்த நேரத்தையும் தாதி ஒரு தாளிற் குறித்து வைப்பாளாயின், அதுவே பெருஞ்சான்று. ஒரு மணிநேரத்துள் வாந்தி எடுத்தவர் பெருங்கதிர் பட்டவர். குருதியில் லிம்போசைட்டு என்னும் வெள்ளணு இரண்டு நாளில் எத்துணை குறைகின்றது என்பதை எந்த மாவட்ட மருத்துவமனையிலும் எண்ணிவிடலாம். அயோடின் மாத்திரை கதிர் அயோடினுக்கு மட்டுமே காப்பு. கோபால்ட்டுக்கும் இரிடியத்துக்கும் அதனாற் பயனில்லை. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தை அடுத்த ஊரார்க்கு அதைப் பற்றிக் கூறுவது பொருந்தும். ஒரகடத்தில் அதைத் தேடி ஓடுவது வீண்.

இவ்விடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் இவ்விஞ்ஞானத்துட் புகுந்தமைக்கு உரிய காரணத்தைக் கூறிவிடுகின்றேன். நம் பத்திரிகைகள் 'கதிர்வீச்சாற் பாதிக்கப்பட்டவர்' என்று ஒரே தொடரால் இருவகையாரைக் குறிக்கின்றன. ஒருவர் கதிர் பட்டவர். மற்றவர் கதிர்ப்பொருள் படிந்தவர். வெயிலில் நின்று காய்ந்தவன் நிழலுக்கு வந்தபின் அவனைத் தொடுபவன் மேல் வெயில் அடிப்பதில்லை. கதிர் பட்டவர் அத்தகையர். மாவு அரைக்கும் ஆலையில் நின்றவன் மேனியெல்லாம் மாவு படிகின்றது; தட்டினால் உதிரும், கழுவினாற் போகும், தழுவியவன் சட்டையிலும் ஒட்டும்; கதிர்ப்பொருள் படிந்தவர் இத்தகையர். முன்னவரை எவ்வித அச்சமுமின்றித் தொடலாம். பின்னவரைக் கையுறையுடன் தொடலாம். இருவரையும் ஒரு சொல்லாற் கூறினமையால், இருவரையும் தொற்றுநோயாளர் போல் ஒதுக்கும் அச்சம் பிறக்கின்றது. கொயானியாவில் இறந்தோரை அடக்கம் செய்யவொட்டாது ஊரார் கல்லெறிந்து தடுத்தனர் என்பர். சொல்லிற் பிறக்கும் மயக்கம் செயலிலும் பிறக்கும். அதனை நீக்குவது மருத்துவர் கடன் மட்டுமன்று, எழுதுவோர் கடனுமாகும். பயிற்சி நூல்கள் ஆங்கிலத்தில் இருத்தலும், அவற்றை ஏவலரும் வாயிற்காவலரும் படிக்கமாட்டாமையும் வெளிப்படை. 'மாசுநீக்கம்' என்று அரசாங்கத் தமிழில் எழுதிவிட்டாற் போதுமோ? 'துணியைக் கழற்று, தண்ணீர் ஊற்று, பிறகு உள்ளே விடு' என்று சுவரிற் பெரிய எழுத்தில் எழுதுவதே தக்கது என்பேன்.

அதுவும் தமிழில் மட்டும் எழுதினாற் போதாது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் உழைப்பார் பீகாரினின்றும், ஒடிஸாவினின்றும், அஸ்ஸாமினின்றும் வந்தோராகவும் உளர். மின்கருவி கோக்கும் ஆலைகளிற் பணிசெய்வோரிற் பெரும்பாலார் நம் தென்மாவட்டங்களினின்றும் வடமாவட்டங்களினின்றும் வந்து விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள். நூறு பெண்கள் நிற்கும் முற்றத்தில் ஓர் ஆடவன் வந்து 'ஆடையைக் களைக' என்றால் எப்பெண் களைவாள்? களையாது நிற்பாள், நஞ்சு உடலில் ஏறும். ஆதலால் இரண்டு மறைப்புத் துணிகளும், பெண் பணியாளர் நால்வரும், மாற்றுடையாக நூறு மலிந்த நைட்டிகளும் அட்ரோபினை ஒத்த மருந்துகளே என்று கொள்ளல் வேண்டும். நானறிந்த பயிற்சி அட்டவணைகளில் மருந்தின் பெயர் உண்டு. மறைப்புத் துணியின் பெயரைக் கண்டிலேன்.

2021-ம் ஆண்டு டிசம்பரிற் பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் உணவு நஞ்சானமையால் நூற்றைம்பதின்மர்க்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைகளிற் சேர்ந்தனர். எவரும் இறந்திலர். ஆயினும் உடன் பணிபுரிந்தோர்க்குத் தோழியர் எங்கே, எந்நிலையில் உளர் என்பது தெரியாமையால், சிலர் மாண்டனர் என்று வதந்தி பரவி, பெங்களூர்ப் பெருவழியே மறிக்கப்பட்டது. வாயிலில் நின்று வருவோர் பெயரும் ஊரும் எழுதி, மணிதோறும் உறவினர்க்குப் படித்துச் சொல்லும் எழுத்தர் ஒருவர் இருத்தல் எத்துணை வேண்டுவது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. அவரும் மருத்துவப் பணியாளரே.

மற்றும் ஒன்று, இஃது இவ்வூர்க்கே உரியது. கழுவிய நீர் எங்கே போகும்? திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பி வழியின் அந்நீர் செம்பரம்பாக்கம் நோக்கியே வரும். நூறுபேரைக் கழுவிய நச்சுநீர் மழைக்கால்வாயில் இறங்குமாயின் அதன் வழியும் அத்திசையே. உயிர் போகுங்காலத்து நீரைத் தேக்க இடந்தேடி நிற்றல் தகாது. ஊற்றுக, ஓடுக என்பதே விதி. ஆயின், எவ்விடத்தில் நின்று கழுவுவது என்பதை விபத்துக்கு முன்னாளிலேயே துணிந்து, கால்வாயினின்று விலகிய ஒரு தளமும், மணல்மூட்டை பத்தும் ஒருங்கு வைத்தல் அரிதன்று. ஏரியை ஆள்வோரும் மருத்துவமனையை ஆள்வோரும் இதனை ஒரு மேசையிலிருந்து பேசவேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ம் ஆண்டு விதிகளின்படி, பேரபாயப் பொருள் வைத்திருக்கும் ஆலைகள் ஆறு திங்களுக்கு ஒருமுறை உள்ளேயும், மாவட்ட அதிகாரிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெளியேயும் ஒத்திகை நடத்தல் வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தார் இரசாயன விபத்துக்கு 2007-லும், கதிரியக்க விபத்துக்கு 2009-லும் வழிகாட்டி நூல்கள் வெளியிட்டனர். 1987-ல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம், ஆலையிலுள்ள ஆபத்தைத் தொழிலாளர்க்கும் அண்டையிலுள்ளார்க்கும் அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. ஹமீதியா மருத்துவமனையார் அறியாமையில் தவித்த இரவின் விளைவே அத் திருத்தம். ஆயின் முன்னரே நாள் குறித்து, விருந்தினர்க்கு நாற்காலி இட்டு, நோயாளராக நடிப்பாரைத் தள்ளுபடுக்கையிற் கிடத்திப் பகல் பதினொரு மணிக்கு நடத்தும் ஒத்திகையாற் கிடைப்பது புகைப்படம் ஒன்றே. இரவு இரண்டு மணிக்கு, முன்னறிவிப்பின்றி, நடக்கக்கூடிய இருபது பேர் தாமே ஆட்டோவில் வந்து வாயிலில் இறங்கினால் என்ன நிகழும் என்று பார்த்தலே ஒத்திகையாகும்.

பயிற்சிக்கு நாட்பல வேண்டுவதில்லை. ஏவலர்க்கும் காவலர்க்கும் அரைநாள். தாதியர்க்கும் வண்டி உதவியாளர்க்கும் இரண்டு நாள். ஆறு திங்கள் கழித்து மீண்டும் ஒருநாள், ஏனெனில் கையாற் செய்து பழகாதது மறந்துபோம். ஆங்குப் பயன்படும் பொருள்கள் எவை, எத்துணை என்னும் பட்டியலை ஆலைகள் தமிழில் எழுதி, அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவமனையிலும் வாயிலருகே வைத்தல் வேண்டும். கிராம சுகாதாரத் தாதி அப்பட்டியலை அறிந்தவளாயின், ஈரத்துணியும் காற்றின் திசையும் பற்றித் தாய்மார்க்கு உரைக்கும் முதல் ஆசிரியை அவளே. வேலை இழப்புக்கு அஞ்சி ஒப்பந்தத் தொழிலாளர் பயிற்சிக்கு வாராதிருத்தல் கூடும். அந்நாட் கூலியைக் கொடுத்தே அவரை அழைத்தல் வேண்டும். மருத்துவமனை வாயிலிற் காவல் நிற்போரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தாரே, திங்கள்தோறும் மாறுவர். அவர் மாறுந்தோறும் பயிற்சியும் மீண்டும் நடைபெறல் வேண்டும். முற்றத்து நீர்க்குழாயின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் புதியவர் முதல் நாளிலேயே கேட்டறிதலும் வேண்டும்.